போன சொல் திரும்பி வருகிறதா?

கூலி உயர்வுக்காகப் போராடியோர் உண்டு. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடியோர் உண்டு. ஒரு சொல்லுக்காக, ஒரே ஒரு சொல்லுக்காகப் போர்க்கொடி தூக்கிய தொழிலாளரைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?

சைபீரியாவிலே, எலும்பையும் உறைய வைக்கும் பனிக்கு நடுவிலே, லேனா தங்கச் சுரங்கங்கள். ஆண்டு 1912. தங்கம் தோண்டுகிற கைகளுக்குத் தரப்பட்டது அழுகிய இறைச்சி! அதிலே மூண்டது வேலைநிறுத்தம். உட்கார்ந்து கோரிக்கைகளை எழுதினார்கள். எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று எழுதினார்கள். கூலியிலே நூற்றுக்கு 30 உயர்வு என்று எழுதினார்கள். அபராதம் ஒழிக என்று எழுதினார்கள். அதே பட்டியலிலே இன்னொன்றும் எழுதினார்கள் – நிர்வாகத்தார் எங்களை 'நீ' என்று அழைக்கக் கூடாது, 'நீங்கள்' என்று அழைக்க வேண்டும்!

நம் மொழியைப் போலவே ருசிய மொழியிலும் முன்னால் நிற்பவரை அழைக்க இரண்டு சொற்கள். மேலே இருப்பவர் 'நீ' என்பார். கீழே இருப்பவர் 'நீங்கள்' என்றே பதில் சொல்லியாக வேண்டும். வயிறு காய்கிறவனுக்கு இந்த வம்பு எதற்கு, வாய்ச்சொல்லா பசியைத் தீர்க்கும் என்று கேட்பவர் கேட்கட்டும். அந்தச் சுரங்கத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது: 'நீ' என்று அழைத்து அழைத்துப் பழகிய பிறகுதான் அழுகியதை அள்ளிப் போட அவர்களுக்குத் துணிவு வந்தது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டிகள்.

நிர்வாகம் இணங்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலிலே படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அந்தக் கோரிக்கை மாளவில்லை. 1917 மார்ச்சிலே, சார் மன்னனின் அரியணை சரிந்துகொண்டிருந்த நேரத்திலே, பெட்ரோகிராடு சோவியத்து படைவீரர்களுக்காகத் தன் முதலாவது ஆணையை வெளியிட்டது. அதிலே அதிகாரி வீரனை 'நீ' என்று அழைப்பது தடை செய்யப்பட்டது. அதிகாரியை 'மேன்மை தங்கியவரே' என்று வீரன் அழைக்கும் வழக்கமும் ஒழிக்கப்பட்டது. நாடு பற்றி எரியும் வேளையிலே இலக்கணமா என்று எத்தனை பேர் சிரித்தார்களோ!

சரி, 'நீ' என்பது கெட்ட சொல்லா? அப்படியும் சொல்லிவிட முடியாது. சுவீடன் நாட்டைப் பாருங்கள். அங்கே மரியாதையாகப் பேசுவதென்றால் எதிரே இருப்பவரின் பதவியைச் சொல்லி, அவர் அங்கே இல்லாதது போலப் பேச வேண்டியிருந்தது. இயக்குநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இயக்குநர் காப்பி அருந்துகிறாரா?" என்று கேட்க வேண்டும்! இந்தக் கூத்து ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. 1967-இல் அந்நாட்டு மருத்துவத் துறை வாரியத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த புரோர் ரெக்செட், தம் ஊழியர் எல்லோரையும் 'நீ' என்றே அழைக்கப் போவதாக அறிவித்தார். ஊழியரும் அவரை 'நீ' என்றார்கள். நாடெங்கும் அந்தப் பழக்கம் பரவி நிலைத்தது.

ருசியத் தொழிலாளி 'நீங்கள்' கேட்டான். சுவீடன் ஊழியர் 'நீ' பெற்றார். முரண்பாடாகத் தோன்றுகிறதல்லவா? இல்லை, தோழர்களே! போன சொல் போன உருவிலேயே திரும்பி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நண்பன் "வாடா" என்கிறான், நாமும் "வாடா" என்கிறோம். அங்கே குறைவேதும் இல்லை, குழைவுதான் இருக்கிறது. பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையன், அறுபது வயது உழவனை "டேய்" என்று அழைக்க, அவர் "சொல்லுங்க சின்னய்யா" என்று கைகட்டி நின்றாரே, அங்கேதான் நஞ்சு.

தமிழிலே இதிலிருந்து தப்பவும் வழியில்லை. 'நீ'யை விழுங்கிவிட்டாலும் வினையின் வால் காட்டிக்கொடுத்துவிடும். வந்தானா, வந்தாரா? போ என்பதா, போங்க என்பதா? ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். 'துப்புரவுத் தொழிலாளி' என்ற பெயரை 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் "தூய்மைப் பணியாளர் வந்துட்டானா?" என்று கேட்கிறதே ஒரு வாய், அதை என்ன செய்வது? தலை மாறிற்று, வால் மாறவில்லை!

ஆங்கிலத்திலே எல்லோருக்கும் ஒரே 'யூ'தானே, அங்கே இந்தத் தொல்லை இராதே என்பீர்கள். இழிவு செய்ய நினைப்பவனுக்கு எந்த மொழியும் இடம் கொடுக்கும். 1963-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே ஒரு நீதிமன்றம். சாட்சிக் கூண்டிலே மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண், சமஉரிமைப் போராளி. வெள்ளைக்காரச் சாட்சி என்றால் 'மிஸ்', 'மிஸ்டர்' என்று மதிப்போடு அழைப்பார்கள். கறுப்பர் என்றால் வெறும் பெயர். அரசு வழக்கறிஞர் "மேரி" என்று தொடங்கினார். 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைக்காத வரையிலே பதில் சொல்ல முடியாது என்றார் அந்தப் பெண். பதில் சொல் என்று நீதிபதி ஆணையிட்டும் அசையவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கு மேலே மேலே போயிற்று. 1964-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தண்டனையைத் தள்ளுபடி செய்தது. ஒரு 'மிஸ்'ஸுக்காகச் சிறைக் கதவைத் தட்டத் துணிந்தார் அந்த அம்மையார்!

அயல்நாட்டுக் கதைக்குக் கைதட்டுவது எளிது. நம் கூட்டத்துக்கே வருவோம். மேடையேறிய தோழர், "பேரன்புமிக்க பெரியோர்களே, தாய்மார்களே" என்று பொழிகிறார். ஒலிபெருக்கி கரகரக்கிறது. உடனே பக்கவாட்டிலே திரும்பி, "டேய்! சரியா வைடா!" என்கிறார். ஒலிபெருக்கிக்காரருக்கு வயது ஐம்பது. அந்த "டேய்" அதே ஒலிபெருக்கியிலே ஊருக்கே கேட்டதுதான் வேடிக்கை. தேநீர்க் கடையிலே மேசை துடைப்பவரை "ஏய்" என்கிறோம். பேருந்திலே முதியவரை "யோவ் பெரிசு, உள்ளே போ" என்று விரட்டுகிறார்கள். "ஐயா, கொஞ்சம் உள்ளே போங்க" என்றாலும் அவர் நகரப் போவது அதே இரண்டடிதான். மேற்பார்வையாளர் நம்மை 'நீ' என்றுவிட்டால் மட்டும் ஆலை வாயிலிலே கூட்டம் போடுகிறோம். போடத்தான் வேண்டும்.

பிள்ளைகள் அம்மாவை 'நீ' என்றும் அப்பாவை 'நீங்க' என்றும் அழைக்கும் வீடுகள் ஏராளம். அது நெருக்கம், விட்டுவிடுவோம். ஆனால் அடுப்படியிலிருந்து "என்னங்க" என்று வருகிற குரலுக்குத் திண்ணையிலிருந்து "என்னடி" என்று போகிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பது? முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், போன சொல் ஒரு நாளாவது அதே உருவிலே திரும்பியதா? லேனாவின் தொழிலாளரைப் போல அந்த அம்மையார் இன்னும் கோரிக்கைப் பட்டியல் எழுதி நம் கையிலே கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.