இரண்டு சிங்கங்கள்

விலங்கொன்றைத் தம் குலத்தின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் உண்டு. வட அமெரிக்காவின் ஒஜிப்வே மக்கள் கொக்கு, கரடி முதலியவற்றைத் தம் குலக்குறிகளாகப் போற்றினர். 'டோட்டம்' என்று அறிஞர் வழங்கும் சொல் அவர்களுடைய மொழியிலிருந்து வந்ததேயாகும். தமிழர்க்கும் இது புதிதன்று. சோழர் புலியையும் பாண்டியர் மீனையும் கொடியிற் பொறித்தனர். யாழ்ப்பாணத்து மன்னர் நந்தியைக் கொண்டனர்.

இச்சின்னங்கள் வெறும் பெருமைக்கு மட்டும் உரியனவா? நம் உள்ளத்தைத் திருத்திக் கொள்வதற்கும் அவை உதவுமா? மாத்தளை மாவட்டத்திலே இவ்வினாவுக்கு விடை கூறும் சிங்கங்கள் இரண்டு உள.

முதலாவது, சீகிரியாவின் கற்சிங்கம். தந்தை தாதுசேனனைக் கொன்று அரசு கவர்ந்த காசியப்பன், தம்பி முகலனுக்கு அஞ்சி, செங்குத்தான குன்றின்மேல் மாளிகை அமைத்தான். கி.பி. 477 முதல் 495 வரை அவன் ஆட்சி நடந்தது. உச்சிக்கு ஏறுவோர் பெருஞ்சிங்கமொன்றின் வாயினுள் புகுந்தே செல்லுமாறு வாயில் அமைந்திருந்தது. காண்போரை நடுங்க வைத்த அச்சிங்கத்தின் பின்னே, நடுங்கிய உள்ளமொன்று ஒளிந்திருந்தது.

முடிவு யாது? முகலன் படையுடன் வந்தபோது காசியப்பன் குன்றை விட்டிறங்கிப் போரிட்டான். அவன் ஏறியிருந்த யானை, எதிரே சேற்று நிலத்தைக் கண்டு வேறு பக்கம் திரும்பியது. அரசன் புறங்காட்டுகிறான் எனக் கருதிப் படை சிதறியது. அவன் தன் கையாலேயே உயிர் துறந்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. இன்று அச்சிங்கத்தின் தலை இல்லை, பாதங்களே எஞ்சியுள்ளன.

மற்றொரு சிங்கம், மாத்தளை நகரில் கோயில் கொண்ட முத்துமாரியம்மனுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து புறப்பட்ட எளிய மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் கொள்ளை நோயாலும் வழியில் மடிந்தவர் பலர். எஞ்சியோர்க்குக் கோட்டையில்லை, படையில்லை. மாரியம்மன் துணை என்னும் நம்பிக்கை ஒன்றே இருந்தது. ஆண்டுதோறும் மாசித் திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும்போது, அவர்தம் வழித்தோன்றல்கள் வடம் பிடிக்கின்றனர்.

இவ்விரு சிங்கங்களுக்கும் உள்ள வேற்றுமையைச் சற்றே எண்ணுவோம். காசியப்பன் சிங்கத்தின் பின்னே ஒளிந்தான். அன்னையோ சிங்கத்தின்மேல் வீற்றிருக்கிறாள். 'வாகனம்' என்பதன் உட்பொருளும் இதுவே. விலங்கு அழிக்கப்படவில்லை, அதன் வலிமை நல்வழியிற் செலுத்தப்படுகிறது. செருக்கே உருவான சூரபன்மன் மயிலும் சேவலுமாகி, முருகனுக்கு ஊர்தியும் கொடியுமான வரலாற்றைக் கந்தபுராணம் விரித்துரைக்கிறது. சின்னஞ்சிறு பெருச்சாளியும் பிள்ளையாரைச் சுமக்கும் தகுதி பெற்றதன்றோ?

நம் ஒவ்வொருவரிடத்தும் இத்தகைய விலங்கொன்று உண்டு. சினம் மிக்க மாணவன் தன்னைச் சிங்கமென எண்ணி மகிழ்வதில் பயனில்லை. அச்சினத்தையே சோம்பலின்மீது திருப்பினால், அது ஊக்கமாகிவிடும். பிறர் மெச்ச வேண்டும் என்று ஏங்கும் மயிலை, செய்யும் பணியைச் செம்மையாகச் செய்யப் பழக்கலாம். பெற்றோரும் பிள்ளையின் இயல்பை ஒடுக்க முயலாது, அதற்குக் கடிவாளம் இடக் கற்பித்தல் வேண்டும்.

விடுமுறையில் சீகிரியாவுக்குச் செல்லும் குடும்பத்தினர், வழியில் மாத்தளைக் கோயிலுக்கும் சென்று வருவார்களாக. இரு சிங்கங்களையும் கண்டபின், "நாம் நம் சிங்கத்தின் பின்னே நிற்கிறோமா, மேலே அமர்ந்திருக்கிறோமா?" என்று பிள்ளைகளோடு சேர்ந்து பெரியோரும் தம்மைக் கேட்டுக் கொள்ளுதல் நன்று.