கொழுகொழு குழந்தையும் நம் அன்றாடப் பழக்கங்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

“பிள்ளை நல்லா கொழுகொழுன்னு இருக்கு” என்று யாரேனும் சொன்னால் நம் ஊர்ப் பக்கத்தில் பெற்றவள் முகம் மலர்கிறது. வந்தவர் படியிறங்கியதும் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடவும் செய்வாள். “பிள்ளை இளைச்சுப் போச்சே” என்று சொல்லிவிட்டாலோ அன்றிரவு அந்த வீட்டில் உறக்கமில்லை. பருமனே நலம், மெலிவே நோய் என்னும் எண்ணம் நம் மக்கள் மனத்தில் அவ்வளவு ஆழப் பதிந்திருக்கிறது. இதை அறியாமை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட நான் உடன்படமாட்டேன். பட்டினியைக் கண்ணால் பார்த்தவர்கள் கற்ற பாடம் அது.

என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அந்த ஐந்து ஆண்டுகளும் பாதி பாடத்துக்காகவும் பாதி மதியச் சோற்றுக்காகவும் பள்ளிக்குப் போனதாக அவரே கூறுவார். காமராசர் 1956-ல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரிவாக்கிய திட்டம்தான் அவருக்கு எழுத்தையும் சோற்றையும் ஒன்றாகக் கொடுத்தது. அப்படிப்பட்டவரிடம் பேரன் வந்து பாக்கெட் கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? “நாங்கதான் இல்லாம கெடந்தோம், வாங்கிக் குடுக்க முடியிற காலத்துல ஏன் இல்லன்னு சொல்லணும்?” என்று அவர் கேட்கும்போது, நான் படிக்கும் பாடநூலில் அதற்கு நேரான விடை இல்லை. ஆகவே நானே தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஒருவருடைய எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் கண்டு, அதன் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை குறியெண். பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் க்வெட்டலே 1830-களில் கண்ட விகிதம் இது. இன்றைய பெயரை 1972-ல் இட்டவர் அமெரிக்கர் ஆன்செல் கீஸ். பெரியவர்களுக்கு 25, 30 என்று நிலையான எல்லைகள் உண்டு. குழந்தைகளுக்கு அப்படி இல்லை. வளரும் உடலாதலால் வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப எல்லை மாறும். என் அக்காள் மகனுக்கு எட்டு வயது. உயரம் 125 செ.மீ., எடை 36 கிலோ. கணக்குப் போட்டால் 23 வருகிறது. பெரியவர் ஒருவருக்கு இது நல்ல எண். எட்டு வயதுச் சிறுவனுக்கோ, உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஏறத்தாழ 20-ஐத் தாண்டினாலே உடற்பருமன் ஆகும். “எண் சரியாகத்தானே இருக்கிறது” என்று நம்மில் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

உலகக் கணக்கையும் சிறிது பார்த்துவிடுவோம். 2022-ல் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் 39 கோடிப் பேருக்கு மேல் மிகை எடையுடையவர்கள். அவர்களுள் 16 கோடிப் பேர் உடற்பருமன் உடையவர்கள். உலக அளவில் இவ்வயதினரிடையே எடை குறைந்தோரைக் காட்டிலும் உடற்பருமன் உடையோர் மிகுந்துவிட்டனர் என்று ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2025-ல் அறிவித்தது. இந்தியாவில் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் மிகை எடையுடையோர் 2015-16-ல் நூற்றுக்கு 2.1, 2019-21-ல் 3.4. சிறிய எண்தான். ஆனால் அதே ஆய்வில் வயதுக்கேற்ற உயரம் எட்டாத குழந்தைகள் நூற்றுக்கு 35.5 என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில், இரண்டும் இருக்கின்றன.

இது முரண்பாடு போலத் தோன்றும். பசியும் பருமனும் எதிரிகள் அல்லவா? அறிவியல் வேறு விதமாகச் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதி கடும் பஞ்சத்துக்கு ஆளாயிற்று. அந்தப் பஞ்ச காலத்தையொட்டிப் பிறந்த ஆண் மக்கள் பத்தொன்பது வயதில் இராணுவப் பரிசோதனைக்கு வந்தபோது எடுத்த பதிவேடுகளை வைத்து 1976-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கருவின் முதற்பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால், அந்த மகனிடம் பருமன் மிகுதியாகக் காணப்பட்டது! நம் நாட்டிலே புனே நகரில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நமக்கு நெருக்கமானது. புனேயைச் சுற்றியுள்ள சிற்றூர்க் குழந்தைகளின் பிறப்பு எடை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, உறுப்புகள் சிறியவை. ஆயினும் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ‘மெலிந்த கொழுத்த குழந்தை’ என்று அதற்குப் பெயரிட்டனர். பற்றாக்குறையில் உருவான உடல், கிடைப்பதைச் சேமித்து வைக்கப் பழகிவிடுகிறது. அந்த உடலுக்குத் திடீரென்று இனிப்பும் எண்ணெயும் தாராளமாகக் கிடைத்தால் என்ன ஆகும்? பசித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் கூடுதல் எச்சரிக்கையோடு வளர்க்கப்பட வேண்டியவர்கள் என்பதே இதன் பொருள். அம்மாவின் கேள்விக்கு நான் கண்ட விடையும் ஏறத்தாழ இதுதான்.

சேமிப்பு எங்கே நடக்கிறது? கொழுப்புச் செல்களில். சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2008-ல் இச்செல்களின் வயதைக் கண்டறிந்த முறை ஒரு துப்பறியும் கதைக்கு ஒப்பாகும். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் மிகுந்த கதிரியக்கக் கரி, அந்தந்தக் காலத்தில் பிறந்த செல்களின் மரபுப் பொருளில் பதிந்திருந்தது. அதைக் கொண்டே கணக்கிட்டனர். கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் விடலைப் பருவத்திலும் பெருகி, பின்னர் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது என்று தெரிந்தது. பெரியவர் எடை குறைத்தாலும் செல்கள் சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை. “வளர்ந்தா சரியாப் போயிடும்” என்பதை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம்.

இனி, பழக்கங்கள். அக்காள் மகனுடைய ஒரு நாளைப் பாருங்கள். ஏழரைக்கு வேன் வந்துவிடும். டப்பாவில் பிஸ்கட். நான்கரைக்கு வீடு, ஐந்திலிருந்து ஏழு வரை டியூஷன், பிறகு கையில் போன், வாயில் சோறு. படுக்கும்போது பதினொன்று. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும்; நாளொன்றுக்கு 60 நிமிடமாவது வியர்க்க ஓடியாட வேண்டும். இவனுக்கு இரண்டும் இல்லை. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுந்து, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைவதாக ஆய்வுகள் கூறுகின்றன. திரையைப் பார்த்துக்கொண்டு உண்ணும் குழந்தைக்கோ எத்தனை வாய் உண்டோம் என்ற நினைவே இருப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை: அரசுப் பள்ளியில் படித்த எனக்கு நண்பகலில் சோறும் முட்டையும் கிடைத்தன, பணம் கட்டிப் படிக்கும் அவனுக்குப் பிஸ்கட் கிடைக்கிறது.

குளிர்பானம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 200 மி.லி. புட்டியில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை, அதாவது நான்கைந்து தேக்கரண்டி. அவ்வளவு சர்க்கரையைக் காப்பியில் போட்டுக் கொடுத்தால் எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். குடித்த இனிப்பு, தின்ற உணவைப் போல வயிறு நிறைந்த உணர்வைத் தருவதும் இல்லை. அடுத்த வேளைச் சோறும் குறையாமல் உள்ளே போகிறது.

உட்கார்ந்த வாழ்வின் விளைவைக் காட்டப் பழைய சான்று ஒன்று உண்டு. லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களுக்கு, படியேறி இறங்கும் நடத்துநர்களைவிட இதயநோய் மிகுதி என்று ஜெர்ரி மாரிஸ் 1953-ல் கண்டார். பிறகு அவர்களுடைய சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவையும் ஒப்பிட்டார், ஓட்டுநர்களுக்கே பெரிது. நம் பிள்ளைகளை ஐந்து வயதிலேயே ஓட்டுநர் இருக்கையில் அமர்த்திவிடுகிறோம். பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். நான் வயதுக்கு வந்த ஆண்டோடு என் ஓட்டமும் கபடியும் நின்றன. எங்கள் தெருவில் யாருக்கும் அது இழப்பாகவே தோன்றவில்லை.

விளைவுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சில பருத்த பிள்ளைகளின் கழுத்திலும் அக்குளிலும் தோல் கருத்து, வெல்வெட் துணிபோலத் தடித்திருக்கும். அழுக்கென்று எண்ணித் தாய்மார் பீர்க்கங்கூடு கொண்டு தேய்ப்பார்கள். அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். பெரியவர்க்கே வரும் என்றிருந்த இரண்டாம் வகை நீரிழிவு பிள்ளைகளுக்கும் வரத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், அந்தக் கழுத்தைக் கண்டால் தேய்க்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே, “குண்டு” என்று கூப்பிடுவதையும் நிறுத்துங்கள். கேலியால் இளைத்த பிள்ளையை நான் கண்டதில்லை. ஒளிந்து தின்னும் பிள்ளையைக் கண்டிருக்கிறேன்.

பிள்ளையைப் பட்டினி போட வேண்டியதில்லை. வளரும் வயதில் எடையைக் கூடாமல் நிறுத்தினாலே போதும். உயரம் கூடும்போது குறியெண் தானே இறங்கும். ஆனால் அவன் ஒருவனுக்கு மட்டும் சட்டம் போட்டுப் பயனில்லை. எங்கள் வீட்டில் மாமா தட்டோடு டி.வி. முன் அமர்வதை விட்ட பிறகே பையனும் போனை வைத்தான். இது நடந்து நான்கு மாதமாகிறது. எடை அதே 36 கிலோ, உயரம் 127 செ.மீ.; குறியெண் 22.3. அம்மா மட்டும் “புள்ள இளைச்சுட்டான்” என்கிறார்.

வீட்டுக்கு வெளியேயும் ஒன்று இருக்கிறது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி செய்தது. நான் படித்த பள்ளிக்கு எதிரே கடை வைத்திருக்கும் ஆயாவிடம் இதைச் சொன்னேன். முன்பெல்லாம் அவர் அவித்த மல்லாட்டையும் நெல்லிக்காயும் கொடுக்காப்புளியும் விற்றவர். இப்போது பாக்கெட்டுகள் தோரணமாகத் தொங்குகின்றன. ஆயா கோபிக்கவில்லை. “மல்லாட்ட அவிச்சா அன்னிக்கே விக்கணும்மா, இல்லாட்டி ஊசிப் போவும். இது ஆறு மாசம் கெடக்கும், கம்பெனிக்காரனே கொண்டாந்து மாட்டிட்டுப் போறான்” என்றார். விற்காமல் மிஞ்சும் மல்லாட்டைக்கு யார் பொறுப்பேற்பது என்று அந்த விதியில் எழுதியிருக்கவில்லை.