ஏலகிரி மலைச்சாலையில் மிதிவண்டிப் பயணம்

ஏலகிரி மலைச்சாலை என்பது தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்தில், பொன்னேரி என்னும் அடிவார ஊரிலிருந்து ஏலகிரி மலைக்குச் செல்லும் சாலையாகும். இது 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகள் சமவெளியில் அமைந்தவை. அங்குள்ள மிதிவண்டி ஓட்டுநர்கள் மலையேற்றப் பயிற்சி பெற ஏற்ற சாலைகளுள் இதுவும் ஒன்று.

அமைவிடம்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலை வழியாக ஏலகிரி 200 கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ளது. அம்பத்தூர், ஆவடி வழியே செல்லும் தொடருந்துப் பாதையில் உள்ள சோலார்பேட்டை, மலைக்கு அருகிலுள்ள சந்திப்பு நிலையமாகும்.

வளைவுகள்

வளைவுகளுக்குத் திருவள்ளுவர், கம்பர் முதலிய புலவர்களின் பெயர்களும், பாரி, ஓரி முதலிய கடையெழு வள்ளல்களின் பெயர்களும் இடப்பட்டுள்ளன. வளைவுகள் சாலையின் நீளத்தைக் கூட்டிச் சரிவைக் குறைக்கின்றன. ஒரு கிலோமீட்டருக்கு 60 மீட்டர் உயர்ந்தால் சரிவு 6 விழுக்காடு ஆகும்.

ஏற்றம்

ஓட்டுநர், வண்டி இரண்டும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொண்டால், 600 மீட்டர் ஏற ஏறத்தாழ 4,70,000 யூல் ஆற்றல் தேவை. இதனை ஒரு மணி நேரத்தில் ஏறுவதற்குச் சராசரியாக 130 வாட்டுத் திறன் வேண்டும். அரை மணி நேரத்தில் ஏற இருமடங்கு வேண்டும். உராய்வும் காற்றுத் தடையும் இதில் சேர்க்கப்படவில்லை.

1949 இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் எர்குலிசு போன்ற கியர் இல்லாத வண்டிகள், மிதியின் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டர் அளவில் நகர்பவை. முன்னும் பின்னும் சமமான பற்கள் கொண்ட கியரில் இத்தொலைவு சுமார் இரண்டு மீட்டராகக் குறைவதால், ஒவ்வொரு மிதிப்பிற்கும் தேவையான விசையும் குறைகிறது.

இறக்கம்

ஏறும்போது சேர்ந்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது காற்றுத் தடையிலும் பிரேக்கிலும் வெப்பமாக வெளியேற வேண்டும். சக்கர விளிம்பைப் பற்றும் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம். ஆகவே வளைவிற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இடையிடையே பிரேக்கைத் தளர்த்துவது பாதுகாப்பானது. மழையில் இவ்வகை பிரேக்குகளின் பிடிப்பு குறையும். மேலேறும் வாகனத்திற்கு இறங்குபவர் வழிவிட வேண்டும்.

ஒப்பீடு

தென் பிரான்சின் புரோவென்சு பகுதியிலுள்ள மோன் வாந்து மலை, பெதுவான் ஊரிலிருந்து சுமார் 21 கி.மீ. நீளத்தில் 1,600 மீட்டர் உயர்கிறது. 1951 இல் முதன்முறையாகத் தூர் த பிரான்சு போட்டியில் இது இடம்பெற்றது. 1967 இல் இங்கிலாந்து வீரர் டாம் சிம்ப்சன் இங்கு ஏறுகையில் உயிரிழந்தார். கடும் வெப்பம், களைப்பு, ஊக்கமருந்து ஆகியவை அதற்குக் காரணங்களாயின. ஏலகிரி ஏற்றம் இதனினும் மிகச் சிறியது. எனினும் கோடை வெயிலில் நீரின்றி ஏறுவது இங்கும் ஆபத்தானதே.