வேடமும் விரதமும்

1964-ஆம் ஆண்டில் வெளியான ‘பூம்புகார்’ படத்தைப் பற்றித் திரையுலகத்துப் பெரியவர்கள் இன்றளவும் சொல்லி மகிழும் கதை ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தைத் தழுவி எடுக்கப்பட்ட அந்தப் படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் மு. கருணாநிதி, கோவலனாக நடித்தவர் எஸ். எஸ். ராஜேந்திரன், இருவருமே பகுத்தறிவு இயக்கத்தின் மடியில் வளர்ந்தவர்கள். கவுந்தி அடிகள் என்னும் சமணத் துறவியின் வேடத்தை ஏற்றவரோ, நெற்றி நிறையத் திருநீறும் நாவில் ஓயாத முருகநாமமுமாக வாழ்ந்த கே. பி. சுந்தராம்பாள். நாஸ்திகர் எழுதும் படத்தில் நடிப்பதா என்று முதலில் தயங்கிய அந்த அம்மையார், முருகனிடம் உத்தரவு கேட்டுக்கொண்ட பிறகே சம்மதித்தார் என்பார்கள். கோவலன் வெட்டுண்ட பிறகு கவுந்தி அடிகள் பாடவேண்டிய பாட்டில், இத்தனை அநீதி நடந்தும் தெய்வம் எங்கே போயிற்று என்று வினவும் பொருளில் ஓர் அடி அமைந்திருந்ததாம். ஆண்டவனை அப்படிக் கேட்கத் தம்மால் இயலாது என்று அம்மையார் மறுக்க, எழுதியவரும் பிடிவாதம் பிடிக்காமல், தெய்வம் இதோ வந்துவிட்டது என்று பொருள்படும்படி அந்த அடியை மாற்றிக் கொடுத்தாராம். ஒருவர் கொள்கைக்கு மற்றவர் விட்டுக்கொடுத்தும், படம் எவ்விதப் பழுதுமின்றி வெளிவந்து வெற்றி பெற்றது.

எல்லாருக்கும் இவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை. வக்கீலோ வைத்தியரோ தம் மதாபிமானத்தை வீட்டோடு வைத்துக்கொண்டு தொழிலைக் கவனிக்கலாம். நடிகனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவன் விற்கும் சரக்கே அவனுடைய முகமும் குரலும் உடலுமாக இருப்பதனால், அவன் கைகூப்பினாலும் கூப்ப மறுத்தாலும் அது படம் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படாமல் போவதில்லை. ஆயினும், உறுதியான நம்பிக்கை ஒரு நடிகனின் தொழிலை வளர்க்குமா கெடுக்குமா என்ற கேள்விக்கு விடை, அந்த நம்பிக்கையின் தன்மையைக் காட்டிலும், அந்தக் காலத்தில் எந்த வகைப் படங்கள் விலை போயின என்பதையே பெரிதும் பொறுத்திருந்தது என்பது, நம் தமிழ் சினிமாவின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு விளங்கும்.

சுந்தராம்பாளையே எடுத்துக்கொள்ளலாம். காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்து, நாடக மேடையில் புகழ் பெற்று, செங்கோட்டை கிட்டப்பா என்ற ஒப்பற்ற பாடகரைக் கணவராக வரித்த அவருக்கு, 1933 டிசம்பரில் அந்தக் கணவர் இருபத்தேழே வயதில் காலமானது பேரிடியாயிற்று. அன்று முதல் வெள்ளைப் புடவை உடுத்தி, ஆபரணங்களைத் துறந்து, எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று அவர் சங்கற்பம் செய்துகொண்டார். காதற்காட்சிக்கென்றே கதாநாயகியைத் தேடுகிற ஒரு தொழிலில் இப்படியொரு விரதம் எடுத்துக்கொள்வது கதவைத் தாமே தாளிட்டுக்கொள்வதற்குச் சமானம் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அது 1930-களின் நடுப்பகுதி. பேசும் படம் வந்து நாலைந்து ஆண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில் தமிழில் எடுக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை புராணங்களும் பக்தர் சரித்திரங்களுமே. ‘நந்தனார்’ படத்தில் நடிக்க அழைத்தவர்களைத் தட்டிக்கழிக்கும் நோக்கத்தோடு, அந்நாளில் எவரும் கேட்டறியாத ஒரு லட்சம் ரூபாயை அம்மையார் கேட்க, அவர்கள் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள் என்பது பிரசித்தம். 1935-இல் வெளியான அந்தப் படத்தில் அவர் ஏற்றது நந்தனாரின் வேடம், அதாவது ஓர் ஆணின் வேடம். அவரை அடக்கியாளும் வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லாத கதை!

அதன் பிறகு அவர் நடித்த வேடங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால், விரதம் எவ்வாறு வேடங்களைத் தேர்ந்தெடுத்தது என்பது புலப்படும். 1940-இல் துறவியான மணிமேகலை. 1953-இல் ஜெமினி எஸ். எஸ். வாசன் எடுத்த ‘ஔவையார்’. பிறகு கவுந்தி அடிகள். ‘திருவிளையாடல்’, ‘கந்தன் கருணை’ முதலிய படங்களில் மீண்டும் ஔவை. துறவியும் கிழவியுமாகவே ஒரு நடிகை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றதற்குக் கணீரென்ற அந்தக் குரல் ஒரு காரணம் என்றால், அத்தகைய வேடங்கள் இல்லாமல் படமே எடுக்க முடியாதென்றிருந்த ஒரு ரசனை மற்றொரு காரணம். தழையச் சீவிய நரைமுடியும் கையில் கோலுமாக ஔவை திரையில் நடந்துவந்தபோது, அங்கே நடிப்பவர் யார், வேண்டிக்கொள்பவர் யார் என்று பிரித்தறிய ஜனங்களுக்குத் தோன்றவேயில்லை. சாண்டோ சின்னப்பா தேவரின் முருகபக்திப் படமான ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காக 1969-ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருது அவருக்கு வந்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார்.

இனி எதிர்த்திசையில் போனவர்களைப் பார்ப்போம். 1952 தீபாவளியன்று வெளியாகித் தமிழ்நாட்டையே உலுக்கிய ‘பராசக்தி’யில், அண்ணன் தம்பிகளாக நடித்தவர்களுள் இருவர் சிவாஜி கணேசனும் எஸ். எஸ். ராஜேந்திரனும். கோயிலுக்குள்ளேயே பூசாரியைச் சாடும் காட்சியைக் கண்டு ஆஸ்திகர்கள் கொதித்தார்கள். படத்தைத் தடை செய்யவேண்டுமென்று கோரிக்கைகள் எழுந்தன. கூட்டமோ கொட்டகைகளை நிறைத்துக்கொண்டிருந்தது. பகுத்தறிவு வசனத்துக்கு இப்படியொரு சந்தை உண்டு என்பதை அந்தப் படத்தின் வசூல் ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தது. அந்த ஒரே படத்திலிருந்து புறப்பட்ட இந்த இரண்டு சகோதரர்களும் பின்னர் நடந்த பாதைகள் வேறுவேறு.

கணேசனுக்குச் ‘சிவாஜி’ என்ற பட்டத்தைச் சூட்டியவரே பெரியார்தான். அண்ணாதுரை எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் அவர் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்து வியந்து கொடுத்த பெயர் அது. அப்படிப்பட்டவர் 1950-களின் நடுவில் ஒருநாள், டைரக்டர் பீம்சிங்குடன் திருப்பதிக்குப் போய் ஏழுமலையானைத் தரிசித்துவிட்டு வந்தார். புயல் நிவாரண நிதி திரட்டிய விஷயத்தில் திராவிட முன்னேற்றக் கழகத்தாரோடு அவருக்கு ஏற்பட்டிருந்த மனத்தாங்கல்தான் உண்மையான காரணம் என்று கூறுவோரும் உண்டு. எதுவாயினும், வேறு எந்த நடிகர் மலையேறினாலும் மொட்டையடித்தாரா இல்லையா என்பதற்கு மேல் எவரும் கவனித்திருக்கமாட்டார்கள்; ‘பராசக்தி’யின் கதாநாயகன் மலையேறியது மாத்திரம் ஒரு துரோகமாகக் கருதப்பட்டது. ‘திருப்பதி கணேசா’ என்று ஏளனமாக விளித்துச் சுவர்களில் எழுதினார்கள். அவர் படங்களின் சுவரொட்டிகளைக் கிழித்தார்கள். கட்சி ஏடுகள் கண்டித்தன. நேற்றுவரை அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டியவர்களே இன்று அவரை நடமாடவிடவில்லை. கழகத்தை விட்டு விலகிய அவர், பிறகு ஈ. வெ. கி. சம்பத்தின் தமிழ்த் தேசியக் கட்சியில் சேர்ந்து, அதன் வழியே காங்கிரஸில் கலந்தார்.

இந்த ஏச்சு அவருடைய தொழிலைக் கெடுத்ததா? அன்றைக்குக் கெடுத்துவிடும் என்றுதான் பலர் எண்ணியிருக்கவேண்டும். நடந்ததோ நேர்மாறு. 1965-இல் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ வெளிவந்து வெள்ளிவிழாக் கொண்டாட, வண்ணத்தில் எடுத்த பக்திப்படங்களுக்குத் தமிழ்நாட்டில் மறுபடியும் ஒரு வசந்தகாலம் பிறந்தது. ‘சரஸ்வதி சபதம்’, ‘திருவருட்செல்வர்’, ‘திருமால் பெருமை’ என்று ஆண்டுதோறும் வந்த அந்தப் படங்களிலெல்லாம் நடுநாயகமாக நின்றவர் சிவாஜியே. ‘திருவருட்செல்வ’ரில் முதிய அப்பராக வரும்போது, காஞ்சிப் பெரியவரின் நடையையும் இருக்கையையும் பார்வையையும் மனத்தில் வாங்கிக்கொண்டு அவர் நடித்ததை அவரே சொல்லியிருக்கிறார். குறுகிய தோளும், தளர்ந்து தளர்ந்து எடுத்துவைக்கும் அடியும், இமைகளுக்குள் ஒடுங்கிய கண்ணுமாக அந்த முதியவர் வரும் காட்சியைக் கண்டவர்கள், பூசாரியைச் சாடிய அந்தப் பழைய இளைஞனை அங்கே தேடியும் கண்டிருக்கமாட்டார்கள். திருப்பதிக்குப் போகாமலே, கழகத்திலேயே இருந்திருந்தால், சிவனாகவும் அப்பராகவும் அவரை நிறுத்தத் துணிந்த படாதிபதி இருந்திருப்பாரா என்பது யோசிக்கத்தக்கது. அப்படி நிறுத்தியிருந்தாலும் கழகத்தின் தொண்டர்கள் சும்மா இருந்திருப்பார்களா என்பது அதைவிட யோசிக்கத்தக்கது.

சேடப்பட்டியில் பிறந்து, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையில் பயின்ற ராஜேந்திரனோ கடைசிவரை அசையவில்லை. புராணப்படங்களில் நடிப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டதும், அந்த உறுதி காரணமாகவே ‘இலட்சிய நடிகர்’ என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் யாவரும் அறிந்தது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் இந்த உறுதிக்காக அவர் பெரிய விலை எதையும் கொடுக்க நேரவில்லை. சமூகப்படங்களும் அடுக்குமொழி வசனங்களும் செழித்த அந்தப் பருவத்தில் ‘முதலாளி’, ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’, ‘சிவகங்கைச் சீமை’, ‘குமுதம்’, ‘சாரதா’ என்று படங்கள் அவரைத் தேடி வந்தன. சுத்தமான தமிழ் உச்சரிப்பு வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடவேண்டும் என்ற நிலை இருந்தது. கொள்கை அவருக்கு வேறொரு மேடையையும் அமைத்துக் கொடுத்தது: 1962-இல் தேனித் தொகுதியில் நின்று வென்று, சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் சினிமா நடிகர் என்ற பெருமையை அடைந்தார். ஆனால் காற்று திசைமாறிப் பக்திப்படங்கள் பெருகிய 1960-களின் பிற்பகுதியில், பாதிக் கொட்டகைகளை நிரப்பிய ஒரு வகைப் படத்தில் அவருக்குப் பங்கில்லாமல் போயிற்று. அவருடைய படங்கள் குறைந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று சாதிப்பது நியாயமன்று. அரசியலும் அவர் காலத்தை விழுங்கிற்று, இளைய முகங்களும் வந்துசேர்ந்தன. ஆயினும் தோள்வலியும் குரல்வளமும் உள்ள ஒரு நடிகர், கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கிரீடங்களை வேண்டாமென்று ஒதுக்கினார் என்பதை அவருடைய அரசியல் எதிரிகளும் மறுத்ததில்லை. எனக்கு அவருடைய நடிப்பைவிட இந்த மறுப்பே பெரிதாகத் தோன்றுகிறது என்று சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவே நூல்பிடித்தாற்போல் நடந்தவர் எம். ஜி. ஆர். 1946-இல் ‘ஸ்ரீமுருகன்’ படத்தில் பரமசிவனாக ஆடியவர், கழகத்தில் சேர்ந்தபின் புராண வேடங்களைத் தவிர்த்தார்; ஆனால் கடவுளைத் திட்டும் வேடங்களையும் அவர் நாடிச் செல்லவில்லை. தாயை வணங்குவது, ஏழைக்கு உதவுவது என்ற இரண்டையுமே திரையில் அவர் வழிபாடாக்கிவிட்டதால், ஆஸ்திகருக்கும் நாஸ்திகருக்கும் ஆட்சேபம் சொல்ல வகையில்லாமற் போயிற்று. முருகபக்தரான தேவர் விடாப்பிடியாக நின்று, 1966-இல் ‘தனிப்பிறவி’யில் ஒரு பாட்டுக்காட்சியில் அவருக்கு முருகன் வேடம் போட்டுப் பார்த்துவிட்டார். கழகமும் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு திருப்பதிப் பயணத்துக்குக் கிடைக்காத சலுகை அது.

தெலுங்குப் படவுலகில் நிலைமை இன்னும் விசித்திரமானது. தெய்வநம்பிக்கை இல்லாதவர் என்று பகிரங்கமாகவே அறியப்பட்ட அக்கினேனி நாகேஸ்வர ராவ்தான், ‘விப்ரநாராயணா’விலும் ‘பக்த துகாராம்’ படத்திலும் கண்ணீர் மல்க இறைவனைப் பாடிப் பாமரரை உருக்கியவர். அங்கே எந்த இயக்கமும் அவருடைய நெற்றியைக் கண்காணிக்கவில்லை; நம்பிக்கை அவர் சொந்த விஷயம், பக்தி அவர் தொழில் என்று ஜனங்கள் விட்டுவிட்டார்கள். சென்னையில் தியாகராய நகரில் குடியிருந்த என். டி. ராமராவின் வீட்டு வாசலிலோ, திருப்பதி யாத்திரை முடித்து வந்த ஆந்திர யாத்ரீகர்கள், திரையில் கண்ட கிருஷ்ணனையும் வேங்கடவனையும் நேரில் தரிசிக்கவென்று காத்துக்கிடந்தார்கள். ராமராவுக்கு அந்தரங்கத்தில் என்ன நம்பிக்கை இருந்தது என்று அவர்களில் ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

நம் காலத்தில் வேறு வகையான வழக்கு ஒன்று எழுந்தது. ‘தங்கல்’ படத்தில் நடித்துத் தேசிய விருது பெற்ற காஷ்மீரத்துப் பெண் சாய்ரா வாசிம், 2019 ஜூன் இறுதியில், இந்தத் தொழில் தமக்கும் தம் மார்க்கத்துக்குமுள்ள உறவைக் குலைக்கிறது என்று அறிவித்து, பதினெட்டாம் வயதிலேயே திரையுலகிலிருந்து விலகிக்கொண்டார். இன்ன வேடம் வேண்டாம், இன்ன காட்சி கூடாது என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. திரையில் தோன்றுவதையே கைவிட்டார். அடுத்த ஆண்டில், தம் பழைய புகைப்படங்களை நீக்கிவிடுமாறும் ரசிகர்களை வேண்டிக்கொண்டார். பேட்டி, விளம்பரம், விழா மேடை என்று வேடத்துக்கு வெளியேயும் இரவுபகலாக முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டிய இன்றைய நிலையில், பாதி ஒதுங்கிப் பாதி நிற்பதென்பது எளிதன்று. அவருடைய வயதுக்கும் அழகுக்கும் பொருத்தமாக ஹிந்திப்பட முதலாளிகள் யோசித்துவைத்திருந்த கதைகளில் துறவியும் மூதாட்டியும் இருந்திருக்கமாட்டார்கள். அறிவிப்பு வெளியானவுடன் ஒரு சாரார் அவரைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். மற்றொரு சாரார், யாரோ வற்புறுத்தி எழுதவைத்ததாகப் பேசினார்கள். அவர் ஏற்கெனவே நடித்து முடித்திருந்த ‘தி ஸ்கை இஸ் பிங்க்’ படம் அந்த அக்டோபரில் வெளியானபோது, அதைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் பலவும் நடிப்பைக் குறித்துச் சில வரிகளும் விலகலைக் குறித்துப் பல வரிகளும் எழுதின.