மலைக்குகையிலிருந்து சிதம்பரம் வரை: குரு நமசிவாயர் நடந்த நடை

திருவண்ணாமலைக்கு நடந்து வந்தவர்கள் கதை ஏராளம். மலையைச் சுற்றி 14 கி.மீ. நடந்து, கிளம்பின இடத்துக்கே திரும்புகிறவர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில். நான் எழுத நினைத்தது இந்த இரண்டிலும் சேராத ஒருவரைப் பற்றி. அவர் மலையிலேயே இருந்தவர், போக மனசில்லாதவர். ஆனாலும் அனுப்பி வைத்தார்கள்.

பெரிய கோயிலின் மேற்கே, பேய்க்கோபுரம் பக்கத்திலிருந்து மலையேறினால் விருபாட்ச குகைக்குக் கீழே குகை நமசிவாயர் கோயில் வரும். ஸ்கந்தாசிரமம் போகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள். குகை நமசிவாயர் வீரசைவர், கன்னட தேசத்துக்காரர். ஸ்ரீசைலத்திலிருந்து இங்கே வந்தவர். 16ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணக்கு. அவரிடம் இருந்த சீடர் பெயரும் நமசிவாயர்தான்.

சீடரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் மூன்று. ஒருநாள் காரணமில்லாமல் சிரித்தாராம். என்னப்பா சிரிப்பு என்று குரு கேட்க, திருவாரூர்க் கோயிலில் ஆடிக்கொண்டிருந்த பெண் கால் இடறி விழுந்தாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்றாராம். இன்னொரு நாள் தன் துணியைப் பிடித்துக் கசக்கித் தேய்த்தார். சிதம்பரத்தில் திரைச்சீலையில் தீப்பிடித்ததாம், அதை அணைத்தாராம். மூன்றாவது கொஞ்சம் குமட்டும். குரு வாந்தி எடுத்து, மனிதர் கால் படாத இடத்தில் கொட்டிவிட்டு வா என்கிறார். சீடர் அதைத் தன் வயிற்றிலேயே சேர்த்துவிடுகிறார்.

பெரும்பாலும் இதைக் குருபக்திக்கு உதாரணமாகச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடப்பதுதான். குரு மெச்சிக்கொண்டு பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே கம்பத்தில் இரண்டு யானையைக் கட்ட முடியாது, நீ சிதம்பரம் போ என்கிறார். 'குரு' நமசிவாயர் என்ற பெயரும் அப்போது கிடைத்ததுதான். பட்டமும் பிரிவும் ஒன்றாக வருகின்றன.

சீடர் லேசில் சம்மதிக்கவில்லை. உங்களைப் பார்க்காமல் எப்படி இருப்பேன்னு கேட்கிறார். அங்கே நடராஜர் என் உருவில் காட்சி தந்தால் தங்கு, இல்லையென்றால் திரும்பி வா: இதுதான் ஏற்பாடு.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். குகையில் உட்கார்ந்தபடியே சிதம்பரத்துத் தீயைப் பார்த்தவர் இவர். பார்ப்பதற்காகப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நடக்க வேண்டியிருந்தது. இன்றைய சாலைக் கணக்கில் சுமார் 150 கி.மீ. தென்பெண்ணையைத் தாண்டி, மணிமுத்தாற்றங்கரை விருத்தாசலம் வழியாக, கிழக்கே தில்லைக்கு. கண் எவ்வளவு தூரம் போனாலும் வயிறு கூடவேதானே வரும். பசிக்கிறது.

அவர் வீட்டுவாசல்களில் நிற்கவில்லை. வெண்பா பாடி அம்மனிடம் சோறு கேட்கிறார். முதல் நாள் இரவு ஒரு மரத்தடியில் உண்ணாமுலையம்மனைப் பாட, அம்மன் கோயில் நைவேத்தியத்தைப் பொன் தட்டோடு கொண்டுவந்து தந்ததாகக் கதை. காலையில் கோயிலில் தட்டைக் காணோம் என்று தேடல் வேறு. (பால் குடிக்கப்படாத முலை என்று பெயர் கொண்ட தாயிடம் பிள்ளை சோறு கேட்கிறது. பாட்டுக்காரர்கள் இதை விடமாட்டார்கள்.)

அதாவது, கிளம்பின அன்றைக்கும் அவர் சாப்பிட்டது வீட்டுச் சாப்பாடுதான். மலையை விட்டு முழுசாக வந்துவிடவில்லை.

விருத்தாசலத்தில் அது மாறுகிறது. அங்கே உண்ணாமுலை இல்லை, விருத்தாம்பிகை. பெயரிலேயே முதுமை இருக்கிறது. இவரும் கிழத்தி என்றே விளித்துப் பாட, அம்மன் கிழவியாக வந்து, தள்ளாத கிழவி எப்படியப்பா சோறும் தண்ணீரும் தூக்கி வருவாள் என்று கேட்கிறாள். உடனே இளையவளாக மாற்றிப் பாடுகிறார். இளம்பெண்ணாக வந்து சோறு போடுகிறாள். விருத்தகிரீசுவரர் கோயிலில் இன்றைக்கும் விருத்தாம்பிகைக்கும் பாலாம்பிகைக்கும் தனித்தனிச் சந்நிதிகள் உண்டு. அந்த இளையவள் இவர் பாட்டில் வந்தவள் என்பது தலமரபு.

கவித்திறமைக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பெற்ற தாயிடம் எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம். அயலூரில் கூப்பிடும் முறை தெரிந்திருக்கணும். திருவாரூரையும் தில்லையையும் குகையிலிருந்தே பார்த்தவருக்கு, எதிரில் நிற்பவளை எப்படி அழைப்பது என்பது நடந்து வந்தபிறகுதான் தெரிகிறது. வழிநடைப் பாடல்கள் தனிப்பாடல்களாக ஊர்க்கதையோடு சேர்ந்தே வழங்குவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். கதையை எடுத்துவிட்டால் அவை சோற்றுக்கான விண்ணப்பங்கள், அவ்வளவே.

சிதம்பரத்தில் நடராஜர் சந்நிதியில் நின்றபோது தெரிந்தது குருவின் உருவம். ஏற்பாட்டின்படி திரும்பி வரும் வழி அத்தோடு அடைபட்டது. அங்கேயே தங்கிக் கோயில் திருப்பணிகள் செய்தார். சிதம்பர வெண்பாவும் அண்ணாமலை வெண்பாவும் அவர் பெயரில் வழங்குகின்றன. குரு மலையிலேயே இருந்தார். பிறகு இருவரும் சந்தித்துக்கொண்டதாகக் கதை எதுவும் நான் கேட்டதில்லை.