சைக்கிள் யாருக்கு? ரசீதுக்கு முன்பே தீர்ப்பு

புதுடில்லி: 2023 மே மாதம், நியூயார்க்கில் ஒரு வாடகை சைக்கிளுக்காக, கர்ப்பிணியான மருத்துவமனை ஊழியரும் இளைஞர்களும் மோதிக்கொண்ட வீடியோ உலகைச் சுற்றியது. இனவெறி என முத்திரை விழுந்தது. மருத்துவமனை அவரை விடுப்பில் அனுப்பியது. பின்னரே அவரது வழக்கறிஞர் கட்டண ரசீதைக் காட்டினார். அதுவரை ஓட்டி வந்தது தாங்களே என்றது இளைஞர் தரப்பு. இரண்டும் உண்மையாகலாம், நிலையத்தில் பூட்டிய சைக்கிள், அடுத்து மொபைல் போனில் திறப்பவருக்கே. யார் திறந்தார் என்பதை வீடியோ காட்டாதே!

பிம்ப்ரி - சிஞ்ச்வட்டிலும் 2018ல் இத்தகைய சைக்கிள்கள் வந்தன. அங்கு இப்படியொரு வீடியோ பரவினால்? 2023 ஆகஸ்டில் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தன் சொந்தத் தேவைக்குக் கையாளும் தரவுக்கு விலக்களிக்கிறது. தெருச்சண்டையைப் படமெடுத்துப் பரப்புவது சொந்தத் தேவையா? மணிப்பூர் அமளிக்கிடையே, லோக்சபாவில் குரல் ஓட்டெடுப்பில் நிறைவேறிய மசோதா அது. இதையெல்லாம் அலச நேரம் ஏது?