பில்லுக்கு ஸ்கேன்... சர்வருக்கு?

ஓட்டலில் பில் வைத்துக் கொண்டுவரும் அந்தக் கறுப்பு அட்டை ஞாபகம் இருக்கிறதா? கூடவே ஒரு கிண்ணத்தில் சோம்பும் கல்கண்டும் வரும். 270 ரூபாய் பில்லுக்கு மூன்று நூறு ரூபாய் நோட்டுகளை வைப்போம். மீதி வரும் 30 ரூபாயில் பத்தை எடுத்துக்கொண்டு, இருபதை அட்டையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவோம்.

இப்போது போனை நீட்டி ஸ்கேன் செய்கிறோம். 270 ரூபாய் அப்படியே ஓட்டல் கணக்குக்குப் போய்விடுகிறது. நமக்கும் வசதி, கல்லாவில் இருப்பவருக்கும் சில்லறைத் தொல்லை இல்லை. ஆனால் மீதி என்ற ஒன்றே இல்லாததால், சர்வருக்கான அந்த இருபது ரூபாயும் இல்லை. யாரும் கஞ்சத்தனமாக நிறுத்தியதில்லை. தானாக நின்றுபோனது.

யூபிஐ வந்தது 2016-ல். அதே வருடம் நவம்பர் 8-ம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட, ஸ்கேன் பழக்கம் மெல்ல ஒட்டிக்கொண்டது. ஓட்டல்காரர்களுக்கும் இது லாபம்தான். கிரெடிட் கார்டு தேய்த்தால் ஏறக்குறைய 2 சதவிகிதம் அவர்கள் கையை விட்டுப் போகும். வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐயில் செலுத்தினால் 2020 முதல் அந்தக் கட்டணம் இல்லை. கார்டை நீட்டினால் சில இடங்களில் ‘மெஷின் வேலை செய்யலை சார்’ என்பது இதனால்தான்!

‘டிப்ஸையும் சேர்த்தே அனுப்பிவிட்டால்?’ அனுப்பலாம். ஆனால் அது போவதும் ஓட்டல் கணக்குக்குத்தான். பிரித்துக் கொடுப்பது முதலாளியின் மனசு. ஒழுங்காகப் பங்கு பிரிக்கும் ஓட்டல்களும் உண்டு. எதற்கும் சர்வரிடமே, “இது உங்க கைக்கு வந்துடுமா?” என்று கேட்டுவிடுங்கள். அவர் முகமே பதில் சொல்லிவிடும்.

பெரிய ரெஸ்டாரன்ட்டுகளில் வேறு குழப்பம். பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ இருந்தால், ‘அதான் டிப்ஸ் போட்டுட்டாங்களே’ என்று எழுந்துவிடுகிறோம். அது வரியும் அல்ல, கட்டாயமும் அல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915-க்கு போன் செய்து புகார் சொல்லலாம். ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

நான் இப்போது போன் கவருக்குள் நான்கைந்து இருபது ரூபாய் நோட்டுகளை மடித்து வைத்துக்கொள்கிறேன். பில்லுக்கு ஸ்கேன், சர்வருக்குக் கையில். அந்த நோட்டுகள் கிடைப்பதுதான் பெரும் பாடு. ஏடிஎம்மில் 500 ரூபாய்தான் வருகிறது. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் சில்லறை கேட்டால், “நீங்க எல்லாரும் ஸ்கேன் பண்ணிட்டுப் போயிட்டா, எங்கிட்ட மட்டும் எப்படிம்மா இருக்கும்?” என்று சிரிக்கிறார்.